துடைத்த வீட்டிலும் தடயம் இருக்கும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெளியூர் போய்த் திரும்பினால் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது, பீரோவை நெம்பித் திறந்து நகையை எடுத்திருக்கிறார்கள். பதற்றத்தில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு அப்புறம்தான் போலீஸுக்குச் சொன்னோம். கைரேகையெல்லாம் போயிருக்கும், இனி ஒன்றும் கிடைக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? தடயம் என்று எதையெல்லாம் எடுப்பார்கள்?”

உண்மையில்லை. கொஞ்சம் போயிருக்கும், ஆனால் நீங்கள் நினைப்பதைவிட நிறைய மிச்சம் இருக்கும். முதல் காரியம், கூட்டிய குப்பையை வெளியே கொட்டிவிடாதீர்கள். கண்ணாடியை உடைக்கும்போது துகள்கள் வீட்டுக்குள் மட்டும் விழுவதில்லை, உடைத்தவர் பக்கமாகவும் தெறித்து அவர் சட்டையிலும் முடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு யாராவது பிடிபட்டால் அவர் உடுப்பில் இருக்கும் துகளின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளி அதற்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து உங்கள் ஜன்னல் கண்ணாடியோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீட்டுக்கு உங்கள் கண்ணாடி வேண்டும், அதில் பெரும்பகுதி இப்போது குப்பைக்கூடையில் இருக்கிறது.

பிரான்ஸின் லியோன் நகரில் 1910-ல் காவல்துறைக்காக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரால் வழங்கும் கொள்கையும் இதுதான்: இரண்டு பொருள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது போகும். வந்தவர் உங்கள் வீட்டில் எதையோ விட்டுப்போயிருக்கிறார், உங்கள் வீட்டிலிருந்து நகையோடு வேறு எதையோ சேர்த்து எடுத்தும் போயிருக்கிறார்.

சரி, கைரேகை. விரலில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வழவழப்பான பரப்பில் படிவதுதான் அது, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தால் போய்விடும் என்பது சரியே. ஆனால் வீட்டைத் துடைப்பவர்கள் மேசையின் மேல்பக்கத்தைத் துடைப்பார்கள், இழுப்பறையின் அடிப்பக்கத்தையோ ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பையோ நகைப்பெட்டியின் அடியையோ துடைக்கமாட்டார்கள், திருட வந்தவர் கை வைப்பதோ பெரும்பாலும் அங்கேதான். இன்னொன்று, பீரோவில் பத்திரங்கள், கவர்கள், ரசீதுகள் கலைந்து கிடந்தனவா? காகிதத்தில் வியர்வையின் அமினோ அமிலங்கள் உள்ளே இறங்கிவிடும், நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைப் பூசினால் ரேகை ஊதா நிறத்தில் எழும்பி வரும், ஆண்டுகள் கழித்துக்கூட வந்திருக்கிறது. அதனால் அந்தக் காகிதங்களை இனி யாரும் புரட்ட வேண்டாம்.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது உங்கள் பீரோக் கதவு. கடப்பாரையோ ஸ்க்ரூடிரைவரோ வைத்து நெம்பினால் உலோகத்தில் பள்ளம் விழும், எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. பள்ளத்தின் அகலத்தை வைத்து என்ன மாதிரிக் கருவி என்று சொல்லலாம். இது வகையைச் சொல்லும் சான்று, அதே அளவுக் கருவி ஆயிரம் பேரிடம் இருக்கும். ஆனால் பயன்படுத்திப் பயன்படுத்திக் கருவியின் விளிம்பில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகியிருக்கும், அவை கோடுகோடாகப் பள்ளத்துக்குள் பதியும். பள்ளத்தை சிலிக்கானில் அச்செடுத்து, சந்தேகத்துக்குரிய கருவியால் உண்டாக்கிய கீறலோடு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், இதே கருவிதானா என்ற கேள்வியின் விடையை நெருங்கலாம். காலணித் தடமும் இப்படித்தான்: கம்பெனியும் சைஸும் வகை, அடிப்பகுதியின் தேய்மானமும் வெட்டும் தனி அடையாளம். எந்தத் தடயத்தைப் பற்றி யார் பேசினாலும், இது வகையைச் சொல்கிறதா, ஒரே ஒரு பொருளையோ ஆளையோ சுட்டுகிறதா என்று கேளுங்கள்.

உடைந்த கண்ணாடி விளிம்பில் ரத்தம் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம். ரத்தம் பட்ட துணியை ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டீர்கள் என்றால், அதை மடித்து பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். நிழலில் உலரவிட்டுக் காகித உறையில் போடுங்கள். ஒரு முடி கிடைத்தாலும் பயன் உண்டு, வேர் இல்லாவிட்டால் பெரும்பாலும் தாய்வழி டிஎன்ஏ மட்டும்தான் கிடைக்கும், அது தாய்வழிச் சொந்தங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், ஒருவரை மட்டும் சுட்டாது.

கேமரா பதிவுதான் அவசரம். பல கருவிகள் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும், அதனால் இன்றே உங்கள் கேமராவின் பதிவையும் எதிர்வீட்டுப் பதிவையும் மூலக் கோப்பாகவே நகலெடுக்கச் சொல்லுங்கள். திரையை போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் போகும், கோப்புக்குள் இருக்கும் நேர விவரமும் போகும்.

உங்கள் வாக்குமூலமும் சான்றுதான். எதைத் தொட்டீர்கள், எதை இடம் மாற்றினீர்கள், எந்தத் துணியால் எங்கே துடைத்தீர்கள் என்று இப்போதே எழுதி வைத்து, வருகிறவர்களிடம் கூசாமல் சொல்லுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடினார்கள். அந்தப் பெண் மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர், அவருடைய டிஎன்ஏ குச்சியிலேயே இருந்திருக்கிறது என்று 2009-ல் தெரியவந்தது. ஆய்வுக்கூடம் தவறாகப் படிக்கவில்லை, மாதிரி எங்கிருந்து வந்தது என்பதில்தான் கோளாறு. ஒரு தடயம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவில் ஓட்டை விழுந்தால், நீதிமன்றத்தில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

அதே காரணத்துக்காக வீட்டில் இருக்கிற எல்லோரிடமும், வேலைக்கு வருபவர் உட்பட, கைரேகையும் ஒருவேளை டிஎன்ஏ மாதிரியும் கேட்பார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பீரோ முழுக்க உங்கள் ரேகைகள்தான் இருக்கும், ஒரு ரேகை எப்போது பதிந்தது என்று நம்பகமாகச் சொல்லவும் முடியாது, ஆகவே உங்களுடையதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் தேட வேண்டும்.