கணினி கேள்வி-பதில்: ட்ரோஜன் நுழைந்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளின் 'கிராக்' பதிப்பை இணையத்திலிருந்து இறக்கினேன். நிறுவும் முன் ஆண்டி வைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். ஆனால் மென்பொருள் திறக்கவேயில்லை. சில நாள்களில் என் கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் வேறு யாரோ விளம்பரம் போடத் தொடங்கிவிட்டார்கள். ஓடிபி கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தும் எப்படி நுழைந்தார்கள் என்று புரியவில்லை. ஆண்டி வைரஸை மீண்டும் இயக்கிச் சோதித்தால் எதுவும் இல்லை என்கிறது. என் கணினியில் ட்ரோஜன் இருக்கிறதா, இல்லையா?

பதில்: வந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும், வந்த வேலையை முடித்துவிட்டுப் போயும் இருக்கலாம். ட்ரோஜன் என்னும் தீங்கு நிரல் தானாகப் பரவுவதில்லை. வேறொன்றின் வேடத்தில் வந்து, கணினியின் உரிமையாளரையே தன்னை இயக்க வைப்பதுதான் அதன் வழி. நீங்கள் இறக்கிய ஜிப் கோப்பு பெரும்பாலும் கடவுச்சொல் கேட்டிருக்கும். அந்தக் கடவுச்சொல்லும் இறக்கிய பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பூட்டிய கோப்புக்குள் இருப்பதை ஆண்டி வைரஸால் முன்கூட்டியே பார்க்க முடியாது என்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. சில நேரங்களில் உள்ளிருக்கும் நிரலை வெற்றுத் தரவால் நிரப்பி 700 எம்பி அளவுக்கு ஊதிப் பெருக்கியும் வைப்பார்கள். மிகப் பெரிய கோப்புகளைப் பல சோதனைக் கருவிகள் ஏற்பதில்லை. இதற்கெல்லாம் மேலாக நீங்களே ஆண்டி வைரஸை நிறுத்தி, அனுமதி கேட்ட சாளரத்தில் 'யெஸ்' அழுத்தியபோது, நிர்வாகிக்குரிய முழு அதிகாரமும் அதன் கைக்குப் போய்விட்டது.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இது தகவல் திருடும் வகை ட்ரோஜன். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், தானாக நிரப்பிக்கொள்ளும் விவரங்கள், குக்கிகள் ஆகியவற்றைத் திரட்டி, தன்னை ஏவியவரின் சர்வருக்கு அனுப்ப இதற்குச் சில நிமிடங்கள் போதும். இவற்றில் குக்கிதான் உங்கள் ஓடிபியைப் பயனற்றதாக்கியது. ஒருமுறை ஓடிபி கொடுத்து நுழைந்த பிறகு, 'இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்' என்று அந்தத் தளம் உங்கள் பிரவுசருக்குத் தரும் அடையாளச் சீட்டு அது. அதை நகலெடுத்துத் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டவரிடம் தளம் மீண்டும் ஓடிபி கேட்பதில்லை. அனுப்பி முடித்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வகைகளும் உண்டு என்பதால், இப்போது சோதனையில் எதுவும் சிக்காததைக் கொண்டு நிம்மதி அடைய முடியாது.

எனவே முதலில் காப்பாற்ற வேண்டியது கணக்குகளைத்தான். கணினி அதற்குப் பிறகுதான். கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, கைப்பேசியிலிருந்தோ நம்பகமான வேறொரு கணினியிலிருந்தோ மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டமைக்கும் வழி அதன் வழியாகவே போகிறது என்பதுதான். ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள்; திருடப்பட்ட குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல் மாற்றுவது, புதிய கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுப்பதாக முடியலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்து கணினி. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் உள்ள 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். 'இந்த ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம்' என்று விண்டோஸுடனேயே வரும் ஆண்டி வைரஸான டிஃபெண்டருக்குச் சொல்லும் இடம் அது. பல ட்ரோஜன்கள் முதல் வேலையாகத் தாங்கள் தங்கும் ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, இதில் சேர்த்துவிடுகின்றன. அதன் பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'எதுவும் இல்லை' என்றுதான் வரும். நீங்கள் சேர்க்காதவற்றை நீக்குங்கள். பின்னர் இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து டிஃபெண்டரைப் புதுப்பித்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' முறையைத் தேர்ந்தெடுங்கள். இது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ட்ரோஜன் தன்னை மறைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியையும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கணினியை இயக்கும்போதெல்லாம் மீண்டும் எழுவதற்காக ட்ரோஜன்கள் வழக்கமாகப் பதிந்துகொள்ளும் இடங்கள் இவை.

வாடிக்கையாளரின் ஆதார் நகலும் சான்றிதழ்களும் வந்து போகும் கணினி என்பதால், உங்களுக்கு நான் சொல்வது இதோடு நிற்காது. நிர்வாகி அதிகாரம் பெற்று இயங்கிய ஒரு நிரல் எதையெல்லாம் மாற்றியது என்று எந்த ஸ்கேனும் முழு உறுதி தர முடியாது. ஆவணங்கள், படங்கள் போன்றவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு (மென்பொருள் நிறுவும் கோப்புகளை எடுக்காதீர்கள்), வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து விண்டோஸை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸின் அமைப்புகளை முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இதற்கு மாற்று ஆகாது.

கேள்வி: கல்லூரி மாணவி நான். ஒரு தளத்தில் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைச் சொடுக்கியதும், விண்டோஸ் விசையுடன் 'ஆர்', பிறகு கன்ட்ரோல் 'வி', பிறகு என்டர் அழுத்தச் சொன்னது. என்டருக்கு முன் சந்தேகம் வந்து மூடிவிட்டேன். ஏதேனும் ஆகியிருக்குமா?

பதில்: என்டர் அழுத்தாதவரை எதுவும் ஆகியிருக்காது. நீங்கள் கட்டத்தைச் சொடுக்கியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தவை ஒட்டப்படும் வரை தங்கும் இடத்தில், நகலெடுத்து வைத்துவிட்டது. முதல் விசைகள் 'ரன்' பெட்டியைத் திறக்கின்றன, அடுத்தவை அந்தக் கட்டளையை ஒட்டுகின்றன, என்டர் அதை இயக்குகிறது. ரன் பெட்டி குறுகியது என்பதால் நீண்ட கட்டளையின் கடைசிப் பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் 'சரிபார்ப்பு எண்' என்பது போன்ற அப்பாவித்தனமான சொற்களை எழுதி வைப்பது இவர்களுடைய சாமர்த்தியம். கட்டளையைக் கொடுத்தவர் பயனாளரே என்பதால் பிரவுசரின் பதிவிறக்க எச்சரிக்கையும் குறுக்கிடுவதில்லை.

லும்மா என்ற தகவல் திருடும் ட்ரோஜன் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை மட்டும் உலகெங்கும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, நீதிமன்ற ஆணை பெற்று அதன் இணைய முகவரிகளை முடக்கியது. எந்த உண்மையான சரிபார்ப்பும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. உங்கள் தோழியர் எவரேனும் என்டரையும் அழுத்தியிருந்தால், முந்தைய பதிலில் உள்ளவை அத்தனையும் அவருக்கும் பொருந்தும்.

கேள்வி: அலுவலகத்தில் வழக்கமாகப் பேசும் ஒருவரிடமிருந்து, எங்கள் பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக ஒரு வேர்ட் கோப்பு வந்தது. தெரிந்தவர் அனுப்பினாலும் சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: அந்தக் கோப்பை நீங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். 2014இல் வங்கி விவரங்களைத் திருடும் ட்ரோஜனாகத் தோன்றிய எமோடெட், பிற்காலத்தில் தேர்ந்தது இந்தக் கலையில்தான். பாதிக்கப்பட்டவரின் அஞ்சல் பெட்டியிலிருந்து உண்மையான உரையாடல்களைத் திருடி, அவற்றுக்கே பதில் எழுதுவதுபோல் வேர்ட் கோப்பை இணைத்து அனுப்பும். திறந்தவர் 'எனேபிள் கன்டென்ட்' என்பதைச் சொடுக்கினால் உள்ளிருக்கும் மேக்ரோ (கோப்புக்குள் பதிந்த சிறு நிரல்) ட்ரோஜனை இறக்கிவிடும். 2021 ஜனவரியில் பல நாடுகளின் காவல் துறையினர் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரிலேயே அது திரும்பிவிட்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்ததும், ஐஎஸ்ஓ, ஷார்ட்கட், ஒன்நோட் கோப்புகளுக்கு இந்தக் கூட்டத்தார் மாறிக்கொண்டார்கள். வந்த அஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள். அந்த அஞ்சல் பெட்டியே பிறர் கையில் இருக்கலாம். தொலைபேசியில் அழைத்து, அவர்தான் அனுப்பினாரா என்று கேட்டுவிட்டுத் திறங்கள்.