ஹெம்ப் (கஞ்சா இனச் செடி) விதையை வறுத்தால் போதை வருமா?

வராது. இட்லிப் பொடிக்காக வறுத்ததும் வீடெல்லாம் ஒரு மாதிரி வாடை, மாடிவீட்டு ஓனர் மோப்பம் பிடித்துவிடுவாரோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் எண்ணெய் கருகிய வாடைதான். இந்த விதையில் எண்ணெய் அதிகம், அதுவும் சூடு தாங்காத வகை. சின்னத் தீயில் வைத்து, படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள்.

'சூடு பட்டால்தான் போதை' என்று நீங்கள் படித்தது பூவுக்கும் இலைக்கும் பொருந்தும். அவற்றின் பிசினில் இருக்கும் டிஎச்சிஏ என்ற அமிலம் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து, போதை தரும் டிஎச்சி ஆகிறது. விதைக்குள் அந்தப் பிசின் கிடையாது, அப்புறம் எதை மாற்றுவது? 2021-இல் இந்த விதையை உணவாக அனுமதித்த எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்), கிலோவுக்கு 5 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது என்றது.

ஆனால் தோலில் பிசின் ஒட்டியிருக்கலாம். ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள்: பச்சைத் துணுக்கு, பிசுபிசுப்பு இருந்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லாமல் சில்லறையாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

பெங்களூரு ஐடி வேலை என்கிறீர்கள், சேரும்போது போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால் அதுவரை பொடியைத் தள்ளிவைப்பதே நல்லது.