மாதக் கடைசியில் மட்டும் நிரம்பும் பதிவேடு

கேள்வி: மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்து, ஒழுங்காக எழுதியவர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறோம். ஆனால் எல்லோரும் கடைசி இரண்டு நாட்களில்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். தொகையைக் கூட்டினால் மாறுவார்களா?

பதில்: கூட்டினால் அந்த இரண்டு நாட்களின் பரபரப்புதான் கூடும் என்பது என் கணிப்பு. சிக்கல் தொகையில் இல்லை, அது வந்து சேரும் நாளில் இருக்கிறது.

செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தை, அதாவது ஒரு செயலுக்குக் கிடைக்கும் விளைவால் அந்தச் செயல் பழக்கமாவதை, ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், எலிகளுக்கான உணவு உருண்டைகளைத் தாமே செய்து வந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பு திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும் என்று கண்டு, நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலிகள் அழுத்துவதை நிறுத்தவில்லை. பின்னர் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து புறாக்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்து, 1957இல் நூலாக வெளியிட்டார். தீனி குறித்த இடைவெளியில் மட்டுமே கிடைக்கும்போது, தின்றதும் புறா ஓய்ந்துவிடுகிறது. அடுத்த வேளை நெருங்க நெருங்க, தீனிக்காக அது பொத்தானைக் கொத்துவது வேகமெடுக்கிறது. இடைவெளி முன்கூட்டித் தெரியாதபடி மாறினால், அது ஒரே சீராகக் கொத்துகிறது. மனிதர்கள் நாட்காட்டியையும் பார்ப்பவர்கள், சொல்லையும் கேட்பவர்கள் என்பதால் புறாக்களின் அந்தப் போக்கு அப்படியே பொருந்தாது; ஆனாலும் உங்கள் பதிவேட்டில் ஒரு மாத வரிகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்குமானால், இந்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஊக்கத்தொகையை அதே நாளில் அப்படியே கொடுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டுகிறவருக்குப் பணம் வருமா வராதா என்ற நிலை கூடவே கூடாது. மாற வேண்டியது பார்வையிடல். முதல் சில வாரங்கள் அநேகமாகத் தினமும், சொல்லாமல், ஏதாவது ஓர் அடுக்குக்குப் போய், ஐந்து வரிகளைப் பெட்டிகளோடும் காலாவதித் தேதிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே, இன்னது சரி என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பழக்கம் படிந்த பிறகு இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டலாம். சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். குற்றம் பிடிப்பதற்கென்றே போனால், தவறுகளை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் முன்பு, சரக்கு எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறது என்று பாருங்கள். கடை அடைக்கும் வேளையில் லாரி வருகிறதென்றால், அன்றைக்கே எழுத அவர்களுக்கு நேரமே இல்லை. முதலில் எழுதுவதற்கென்று அரைமணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கிக் கொடுங்கள்.