வெப்சைட் உங்களதுதான், பேர் யாருடையது?

பனியன் கம்பெனிக்கு 2 வருசம் முன்னாடி 28,000 ரூபாய்க்கு வெப்சைட் போட்டோம். போட்டுக் கொடுத்தவர் இப்போ ரினிவலுக்கு 15,000 கேக்கறாருங்க. தரலைன்னா சைட் நின்னுரும்ங்கறார். — திருப்பூர்

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. டாட் காம் பெயரை ஓராண்டுக்குப் புதுப்பிக்க ஆயிரத்துச் சில்லறைதான். சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, வாடகை தனி. இரண்டுக்கும் தனித்தனி பில் கேளுங்கள்.

அதற்கு முன், பதிவு விவரம் காட்டும் ஹூஈஸ் தேடலில் டொமைன், அதாவது அந்த டாட் காம் பெயர், யார் பேரில் இருக்கிறது, என்றைக்குக் காலாவதி என்று பாருங்கள். பேர் மறைத்திருந்தால், எந்த ஈமெயிலில் பதிந்தது என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். மில்லுக்கு இடம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற ஊரில், டொமைனை மட்டும் டிசைனர் பேரில் விடுகிறார்கள். எனக்கு ஆறாத எரிச்சல் இது. டொமைன் பதியும் நிறுவனம் ஒன்றில் கம்பெனி பேரில் கணக்குத் திறந்து, பெயரை நகரவிடாமல் பூட்டியிருக்கும் லாக்கை அவரிடம் எடுக்கச் சொல்லி, டிரான்ஸ்பர் கோடு வாங்குங்கள். பதிந்து 60 நாள் ஆகாத டாட் காம் நகராது. உங்களதற்கு அந்தத் தடை இல்லை.

கூடவே பேக்கப்: கோப்புகள் ஒரு ஜிப், டேட்டாபேஸ் ஒரு எஸ்.க்யூ.எல். வேர்ட்பிரஸ் என்றால் இரண்டும் வேண்டும். ஜிப் மட்டும் வாங்கினால் படம் இருக்கும், எழுத்து இருக்காது. காலாவதிக்கு 10 நாள்தான் இருக்கிறதென்றால் பேரம் பேசி, காசைக் கட்டிப் பெயரைக் காப்பாற்றுங்கள், சண்டை பிறகு. ஒன்று, 2019 நுகர்வோர் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கிய சேவைக்குப் பொதுவாக உதவாது. 

பயிற்சி ஆப் ஒன்று 'லைஃப்டைம்' 3,999-க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? — கரூர்

யாருடைய லைஃப்? என் 'லைஃப்டைம்' 14 மாதத்தில் முடிந்தது. வேண்டாம்.

மஞ்சள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா? — ஈரோடு

மாதம் ஒருமுறை பிளகின் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் நிரல்) அப்டேட் போட ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால் விக்ஸ் போதும், ஆனால் அங்கே கட்டியதை அப்படியே வேறிடத்துக்குத் தூக்கிப்போக முடியாது. எதுவானாலும் டொமைனைத் தனியாக வாங்குங்கள்.

ஸ்பின்னிங் மில்லில் 300 பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி. பாதிப் பேர் ஒடியா, இந்தி. சாஃப்ட்வேர்காரர் தலைக்கு இவ்வளவு என்கிறார். — உடுமலை

'தலை' என்றால் பதிந்தவரா, அந்த மாதம் உள்ளே வந்தவரா? பதிந்தவர் கணக்கென்றால், ஆள் வந்து போகிற மில்லில் விலகியவருக்கும் காசு கட்டுவீர்கள். மூடுல் என்கிற பயிற்சி சாஃப்ட்வேர் இலவசம். சர்வரும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான் செலவு. அதில் தடுக்கி விழுகிற இடங்கள் இவை. ஒவ்வொரு கணக்குக்கும் ஈமெயில் கேட்கும். ஒரே ஈமெயிலைப் பலருக்குப் போட அமைப்பில் தனியே அனுமதிக்க வேண்டும். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து 8 எழுத்து கேட்கும். ரிங் ஃபிரேமில் நிற்கிறவர் அதை அடிக்க மாட்டார், விதியைத் தளர்த்துங்கள். நேரம் வைத்துப் பின்னணியில் வேலை செய்யும் கிரான் ஓடாவிட்டால் நினைவூட்டல் போகாது. மொழியை மாற்றினால் பட்டன்தான் மாறும், பாடத்தை ஒடியாவில் நீங்கள்தான் போட வேண்டும். வேறு மென்பொருள் வாங்கினாலும் பாடத்தை ஸ்கார்ம் கோப்பாக, அதாவது வேறு மென்பொருளிலும் ஏற்றக்கூடிய வடிவில், வாங்கி வையுங்கள்.

பயிற்சி சாஃப்ட்வேருக்கு டெமோ பாக்காம 3 வருசத்துக்குக் கட்டிட்டேன். தமிழ் கட்டம் கட்டமா வருது. பணம் திரும்புமா? — பொள்ளாச்சி

டெமோவில் ஒரு தமிழ் வரி அடித்துப் பார்க்க எத்தனை நேரமாகும்? ரீஃபண்ட் கெடு பில்லிலோ நிபந்தனைகளிலோ இருக்கும், அதை இப்போதாவது படியுங்கள். கெடு தாண்டியிருந்தால் தானாகப் புதுப்பிக்கிற ஆட்டோபேயை வங்கி ஆப்பில் நிறுத்துங்கள்.

பழைய பாடக் குறிப்பை ஏத்தினா ஆங்கில எழுத்தாக் கொட்டுது. — கோபி

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்குங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதிய அலகையும் அது கெடுக்கும். மருந்தளவு, வோல்ட் இருக்கிற பக்கங்களைக் கையால் ஒப்பிடுங்கள்.