காளானை ஒப்பந்தத்தில் வளர்த்தால் சிறு விவசாயி கையில் என்ன நிற்கும்?

குடியாத்தம் பக்கம் உங்களுக்கு நூறு பெட் (வைக்கோலும் காளான் விதையும் நிரப்பிய பாலித்தீன் பை) கொள்ளும் ஷெட் இருக்கிறது, விதையும் கொடுத்து சிப்பிக் காளானைக் கிலோ 130 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் கேள்வி. 130-ஐ மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். விதை என்ன விலை, தரமில்லை என்று எடையில் எவ்வளவைக் கழிக்கிறார்கள், வண்டி என்றைக்கு வருகிறது, இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நூறு பெட்டுக்கு காய்ந்த வைக்கோல் 60 கிலோ, 600 ரூபாய். 300 கிராம் விதைப் பை ஒன்று இரண்டு பெட்டுக்கு வரும். 50 பை, 50 ரூபாய் வீதம் 2,500. பாலித்தீன் பை 300, விறகு 400. ஆக 3,800. பத்து பெட் கெட்டுப்போனாலும் மீதி 90-இல் அரைக் கிலோ வீதம் 45 கிலோ, ஏறக்குறைய 45 நாளில் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கைக் கம்பெனி கழித்தால் 40.5 கிலோவுக்கு 5,265 ரூபாய். செலவு போக 1,465. வைக்கோல் நறுக்கி, வேகவைத்து, நிரப்பி, தினமும் தண்ணீர் தெளித்துப் பறிக்கிற வீட்டு ஆட்களின் கூலி இதில் சேரவில்லை.

இப்போது அதே கம்பெனி விதைப் பையை 80 ரூபாய்க்குத் தருகிறது என்று வையுங்கள். 50 பைக்கு 1,500 கூடுதல். அந்த 1,465-உம் காணாமல் போய்விடும். விலையை ஏற்றிச் சொல்லி, விதையில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இப்படித்தான் வேலை செய்கிறது. ‘விதை எங்களிடம்தான் வாங்க வேண்டும்’ என்ற வரி இருந்தால் அதன் விலையும் ஒப்பந்தக் காலம் முழுக்க எழுத்தில் நிற்க வேண்டும். விதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை. விதைப் பையில் உள்ள சோளத்தின் மேல் வெள்ளைப் பூசணம் பஞ்சுபோல முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளியோ, பையின் அடியில் மஞ்சள் நீரோ, புளித்த வாடையோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மோசமான விதையால் பெட் போனால் நஷ்டம் யாருடையது என்று பெரும்பாலான ஒப்பந்தத் தாள்களில் இருப்பதே இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

தரமில்லை என்று கம்பெனி கழிப்பதற்கு வருவோம். பறிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தெளித்தால் காளான் ஊறி, பாக்கெட்டில் மஞ்சளாகிவிடும். பறித்த பிறகுதான் தெளிக்க வேண்டும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் ஷெட்டில் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். பெட்டில் பச்சைப் பூசணம் வந்தால் வைக்கோல் மழையில் நனைந்த பழையது, அல்லது வேகவைத்தது போதவில்லை என்று அர்த்தம். வைக்கோலை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, கையில் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு நிழலில் உலர்த்தித்தான் நிரப்ப வேண்டும். இவையெல்லாம் உங்கள் கையில் இருப்பவை.

வண்டி வரும் நாள் மட்டும் உங்கள் கையில் இல்லை. குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்கிக் கிழிவதற்குள் பறித்தாக வேண்டும். செவ்வாய், வெள்ளி மட்டும் வருகிற வண்டிக்காக மொட்டு காத்திருக்காது. காலை ஆறு மணிக்குப் பறித்ததை மதியம் எடை போட்டால் ஈரம் போய் எடையும் குறையும். உங்கள் ஷெட்டிலேயே, பறித்த உடனே எடை என்று கேட்டு வாங்குங்கள்.

வேலூர்க் கோடை இன்னொரு கண்ணி. ஏப்ரல், மே வெயிலில் சிப்பிக் காளான் கைவிடும். அந்த மாதங்களிலும் தினம் இத்தனை கிலோ, குறைந்தால் அபராதம் என்றால் கையெழுத்துப் போடவே வேண்டாம். கோடைக்குப் பால் காளானுக்கு மாற அனுமதி கேளுங்கள். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வரும். ஆனால் வெள்ளைப் பூசணம் முழுக்கப் படர்ந்த பெட்டைக் குறுக்கே வெட்டி, வேகவைத்த மண்ணை இரண்டு செ.மீ. போடுகிற வேலை கூடுதல். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு வழி கேட்கலாம்.

நேரடி விற்பனையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். 200 கிராம் பாக்கெட் 40 ரூபாய் என்றால் கிலோ 200. பாக்கெட், பெட்ரோலுக்கு 500 போனாலும், 45 கிலோவில் 29 கிலோவை விற்றாலே அந்த 1,465 வந்துவிடுகிறது. காட்பாடியில் மாணவர்கள் சாப்பிடும் மெஸ்கள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடும் வெளிமாநில நோயாளிக் குடும்பங்கள் ஏராளம். அவ்வளவு தூரம் தினம் போய்வர ஆள் இல்லாத வீட்டுக்கு ஒப்பந்தம் உதவும், அதை மறுக்கவில்லை. என் யோசனை, பாதியைக் கம்பெனிக்கும் பாதியைச் சொந்தமாகவும். அதற்கு, வெளியே விற்கக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.

டெபாசிட் கட்டினால் மாதாமாதம் நிச்சய வருமானம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டுக்கென்று 2019-இல் வந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும், கையெழுத்தான அன்று பேசிய விலையே செல்லும் என்பதும் அதன் சாரம். வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் தாளைக் காட்டி, பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பதிவுக்கு வரமாட்டேன் என்கிற கம்பெனியிடம், எடை போட்ட ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம் என்ற ஒரு வரியையாவது எழுதி வாங்காமல் முதல் பெட்டைப் போடாதீர்கள்.