மீன் தொட்டி விளக்கு மங்கவில்லையே!

கேள்வி: மீன் தொட்டிக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை, 2 ஆம்பியர் அடாப்டர். ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டினால் மினுக்குகிறதே தவிர மங்கவில்லை. என்ன வழி?
- வாசகர், செங்கோட்டை

பதில்: ரெகுலேட்டரை உடனே கழற்றுங்கள். அது 230 வோல்ட் ஏசி அலையை வெட்டுகிறது. அடாப்டரோ எப்படியாவது 12 வோல்ட் தரப் பார்க்கும், முடியாதபோது விளக்கு விட்டுவிட்டு எரியும். கைவைக்க வேண்டியது அடாப்டருக்குப் பின்னால், 12 வோல்ட் டிசி பக்கத்தில். அங்கே விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டால், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும்.

ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்; கேட், டிரெயின், சோர்ஸ் என மூன்று கால்கள்), 220 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், அந்த சுவிட்சை இயக்க ஓர் ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றும் சிறு பலகை) போதும். பட்டையின் பிளஸ் நேராக அடாப்டருக்கு, மைனஸ் டிரெயினுக்கு, சோர்ஸ் அடாப்டர் மைனஸுக்கு. நானோவின் 9ஆம் பின், 220 ஓம் வழியாக கேட்டுக்கு. கேட், சோர்ஸ் நடுவே 10 கிலோ ஓம். இல்லையென்றால் நானோ விழிக்கும் முன் விளக்கு பளிச்சிட்டு மீன்கள் மிரளலாம். நானோவின் கிரவுண்டும் அதே மைனஸில் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கடையில் ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். நானோ தரும் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காமல் சுடும்.

பட்டையாக இல்லாமல், மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவரில் ஓடும் விளக்கு என்றால் இந்த முறை வேண்டாம். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம் முனை உள்ள டிரைவராகவே மாற்றுங்கள். எதுவானாலும் சர்க்யூட் பெட்டி தொட்டி மூடிக்கு மேல் வேண்டாம், ஈரம் ஏறிவிடும்.