சனிக்கிழமை மாலை எழுத வேண்டிய ஒரு தாள்

கேள்வி: ஈரோட்டில் இரண்டு சிகிச்சை நாற்காலிகளுடன் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். வருமானம் குறைந்தது மாதக் கணக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. வாராந்திர அறிக்கை தயாரிக்க நினைத்தால், மென்பொருள் ஏராளமான அட்டவணைகளைக் கொட்டுகிறது. எவற்றைப் பார்ப்பது?

பதில்: பெரும்பாலானவற்றை நீங்கள் திறக்கவே வேண்டாம். வார அறிக்கையின் சிறப்பே, அதில் தெரியும் குறையைச் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கிறது என்பதுதான்; ஆகவே, யாரை அழைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாத எண்ணுக்கு அந்தத் தாளில் இடம் தராதீர்கள்.

வசூலை முதலில் எழுதுவது வழக்கம். ஆனால் முன்பணம் இந்த வாரமும், அதே நோயாளிக்குக் கேப் (பல்லின் மேல் பொருத்தும் உறை) செய்துதந்த லேபின் பில் இரண்டு வாரம் கழித்தும் வரும் நம் தொழிலில், கல்லாப்பெட்டி நிறைந்த வாரம் நல்ல வாரமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செய்த சிகிச்சையின் மதிப்பு, கைக்கு வந்த பணம், நிலுவை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வருமான வரிக்காக நாம் பழகிய 3சி என்ற தினசரி நோயாளிப் பதிவேட்டில் பெற்ற கட்டணத்துக்கும் பெற்ற தேதிக்கும் பத்தி உண்டு. முடிக்காமல் நிற்கும் வேலைக்கு இல்லை.

என்னைக் கேட்டால், தாளின் முதல் பகுதி பாதியில் நிற்கும் சிகிச்சைகளின் பெயர்ப்பட்டியலாகவே இருக்க வேண்டும். "46ஆம் பல் (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்), வேர் சிகிச்சை முடிந்து 12 நாள், கேப்புக்கு அளவு எடுக்கவில்லை" என்பது போன்ற ஒரு வரி போதும். வலி நின்றதும் நோயாளி வருவதை நிறுத்திவிடுவார். என்னிடம் அப்படிக் கேப் போடாமல் போன ஒருவர், எட்டு மாதம் கழித்து அதே கடைவாய்ப்பல் நெடுக்காகப் பிளந்து வந்தார்; பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. எங்கள் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே நிலுவை ஏதுமில்லை என்றே இருந்தது.

அடுத்தது நாற்காலி நேரம். இரண்டு நாற்காலி, நாளுக்கு 8 மணி நேரம், 6 நாள் என்றால் வாரத்துக்கு 96 மணி நேரம். காலியாகக் கிடந்த நேரத்தை மொத்தமாக எழுதாமல், சொல்லாமல் வராதவர், அன்றே ரத்து செய்தவர், யாருக்கும் ஒதுக்கப்படாதது என்று பிரியுங்கள். முதல் வகைக்கு முந்தைய நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் போதும். மூன்றாவது வகைக்கு உங்கள் பாதிச் சிகிச்சைப் பட்டியலே மருந்து. கன்சல்டன்ட் (வெளியிலிருந்து வரும் சிறப்பு மருத்துவர்) வரும் நாளின் காலி நேரத்தைத் தனியே குறியுங்கள்.

லேபுக்குத் திரும்பிய கேப்களின் எண்ணிக்கையையும் எழுதலாம். அது தொடர்ந்து ஏறினால், லேபைக் கடிந்துகொள்ளும் முன் நாம் எடுத்த அளவைச் சோதிப்பது நல்லது.

தீபாவளி வாரத்தில் எண்கள் விழும். அதற்காகப் பதற வேண்டாம், முந்தைய நான்கு வாரச் சராசரியுடன் ஒப்பிடுங்கள். மருத்துவர்களுக்கு வார வசூல் இலக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் சொத்தையில்லாத பல்லிலும் சொத்தை தெரியத் தொடங்கும்.

தாளை வரவேற்பில் இருப்பவர் சனிக்கிழமை மாலை எழுதட்டும். நோயாளிகளின் பெயர்கள் இருப்பதால் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். திங்கள் காலை முதல் நோயாளி வருமுன் அனைவரும் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் அழைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். அழைத்தபின் கிடைத்த பதிலையும் அங்கேயே குறிக்க வேண்டும். "இப்போது பணமில்லை" என்பவருக்குத் தவணையும், "வலிதான் இல்லையே" என்பவருக்கு உங்கள் குரலிலேயே ஒரு விளக்கமும் தேவைப்படும்.